ஜான்ட்டி ரோட்ஸ் எப்படி வேஸ்ட் கார்டு ஆனார்? ஒரு கிரிக்கெட் டிரம்ப் கார்டு விமர்சனம்

"மாமா, இது வேஸ்ட் கார்டு" என்று அக்கா மகள் ஒரு சீட்டைத் தரையில் போட்டாள். எடுத்துப் பார்த்தால் ஜான்ட்டி ரோட்ஸ், உலகின் தலைசிறந்த ஃபீல்டர். எனக்கு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை. 11 வயதுப் பிள்ளை, அவர் ஆடி அவள் பார்த்ததில்லை, சீட்டில் என்ன அச்சடித்திருக்கிறதோ அதை வைத்துத்தானே அவள் சொல்ல முடியும்? 52 டெஸ்ட், 2532 ரன், சராசரி 35.66, கேட்ச் 34. இந்த எண்களை வைத்துக்கொண்டு ஆடினால் யாரிடமும் தோற்கத்தான் வேண்டும். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு சீட்டுக்காகத்தான்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இது கிரிக்கெட் ஜாம்பவான்களை வைத்துச் செய்த டிரம்ப் கார்டு. மொத்தம் 60 சீட்டு, கூடவே ஒன்றும் எழுதாத வெற்றுச் சீட்டு இரண்டு, மடித்து வைத்த விதிமுறைத் தாள் ஒன்று. பேட்டிங்குக்கு நீல விளிம்பு போட்ட 30 சீட்டு, ஆல்ரவுண்டர்களுக்குப் பச்சையில் 20, ஃபீல்டிங்குக்கு ஆரஞ்சில் 10. வெறும் பந்துவீச்சாளர்கள் இதில் இல்லை, அதைப் பெட்டி மேலேயே எழுதிவிட்டார்கள், அதனால் முரளிதரனைக் காணோமே, வார்னைக் காணோமே என்று குறை சொல்ல வழியில்லை. ஒவ்வொரு சீட்டிலும் கையால் வரைந்த மாதிரி ஒரு படம், கீழே ஏழு கட்டம்: டெஸ்ட் எண்ணிக்கை, ரன், பேட்டிங் சராசரி, அதிகபட்ச ஸ்கோர், விக்கெட், பந்துவீச்சு சராசரி, கேட்ச். எல்லாமே டெஸ்ட் கணக்கு மட்டும். ஆடும் முறை நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சீட்டைக் கலைத்துப் பங்கு போட்டு, மேலே இருக்கும் சீட்டை மட்டும் பார்த்து ஒரு கட்டத்தைச் சொல்ல வேண்டும், யாருடைய எண் பெரியதோ அவருக்கு இரண்டு சீட்டும். பந்துவீச்சு சராசரியில் மட்டும் சின்ன எண் ஜெயிக்கும்.

மூன்று மாதமாக ஆடுகிறோம். நானும் அவளும், சில நாள் அப்பாவும் சேர்ந்துகொள்வார். அவர் வானொலி வர்ணனை கேட்டு வளர்ந்தவர். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு கதை வைத்திருப்பார், ஆட்டம் நின்றுவிடும், யாரும் வருத்தப்படுவதில்லை.

நீலச் சீட்டுகள் நன்றாகவே இருக்கின்றன. எண்களை நான் உட்கார்ந்து சரிபார்த்தேன், ஓய்வு பெற்றவர்கள் யாருக்கும் தப்பு இல்லை, அந்த உழைப்புக்குப் பாராட்டு. டெண்டுல்கர் சீட்டு கையில் வந்தால் டெஸ்ட் 200, ரன் 15921, இரண்டில் எதைச் சொன்னாலும் யாராலும் தொட முடியாது. லாராவுக்கு அதிகபட்சம் 400. பிராட்மேன் சீட்டு எப்படி ஆடுகிறது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சராசரி 99.94, அதைச் சொன்னால் வெற்றி நிச்சயம். ஆனால் அடுத்தவர் முறையில் அது மேலே வந்து மாட்டிக்கொண்டால் கதை வேறு: டெஸ்ட் 52தான், ரன் 6996தான், டிராவிட் முதல் கல்லிஸ் வரை பத்துப் பேருக்கு மேல் அவரைத் தூக்கிவிடுவார்கள். வலிமையும் இருக்கிறது, ஓட்டையும் இருக்கிறது. ஒரு நல்ல டிரம்ப் கார்டு சீட்டு இப்படித்தான் இருக்க வேண்டும்.

"அது ஏன் 100 இல்லாம 99.94?" என்று அவள் கேட்ட நாளில் ஆட்டம் அரை மணி நேரம் நின்றது. 1948, ஓவல் மைதானம், அவருடைய கடைசி டெஸ்ட். நான்கு ரன் எடுத்தால் சராசரி 100 ஆகிவிடும். ஹோலிஸ் போட்ட இரண்டாவது பந்து கூக்ளி, எதிர்பாராத பக்கம் திரும்பும் சுழல், பௌல்டு, டக் அவுட். அவள் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரே ஒரு ஃபோர் போதுமா மாமா?" என்றாள். போதும். அந்தக் கட்டத்தில் இருக்கும் நான்கு இலக்கமே ஒரு கதையைச் சொல்லிவிடுகிறது. அப்படிப்பட்ட எண் கிரிக்கெட்டில் வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அதிகபட்ச ஸ்கோர் என்ற கட்டத்தில்தான் எனக்கு ஒரு சின்ன நெருடல். டெண்டுல்கருக்கு 248 என்று போட்டிருக்கிறது. கணக்குப்படி அதுதான் சரி, 2004 இல் டாக்காவில் எடுத்தது. ஆனால் அதே ஆண்டு தொடக்கத்தில் சிட்னியில் அவர் எடுத்த 241ஐப் பார்த்தவர்கள் யாராவது 248ஐ முதலில் சொல்வார்களா? அந்தத் தொடரில் ஆஃப் பக்கம் டிரைவ் அடிக்கப் போய் அவுட் ஆகிக்கொண்டிருந்தவர், சரி, கவர் டிரைவே வேண்டாம் என்று முடிவெடுத்து, 436 பந்து ஆடினார். வெளியே போகும் பந்தையெல்லாம் விட்டுவிட்டு, காலுக்கு வந்ததை மட்டும் அடித்து 33 பவுண்டரி. தனக்கு மிகவும் பிடித்த ஷாட்டை ஒரு நாள் முழுக்க, மறுநாளும், பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு ஆடுவதற்கு எப்படிப்பட்ட மனக்கட்டுப்பாடு வேண்டும்! லாராவுக்கும் இதே கதைதான். 400 என்பது சாதனை, மறுப்பில்லை, ஆனால் அந்த ஆட்டம் டிரா. 1999 இல் பிரிட்ஜ்டவுனில் 308 இலக்கைத் துரத்தி, மறுமுனையில் கடைசி ஆளாக வால்ஷ் நிற்க, ஒரு விக்கெட் வித்தியாசத்தில் ஆஸ்திரேலியாவை ஜெயித்த அந்த 153 நாட் அவுட் சீட்டில் எங்கேயும் இல்லை. லக்ஷ்மண் ஒருவருக்குத்தான் இந்தக் கட்டம் முழு நியாயம் செய்கிறது. அவருடைய மிகப் பெரிய ஸ்கோரும் 281தான், மிகச் சிறந்த ஆட்டமும் 281தான். 2001, கொல்கத்தா, ஃபாலோ ஆன் வாங்கிய பிறகு, அதாவது முதல் இன்னிங்ஸில் மிகவும் பின்தங்கி உடனே மறுபடி பேட்டிங் ஆட வேண்டி வந்த பிறகு.

சீட்டின் பின்பக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி மட்டை, பந்து படம்தான். அங்கே இரண்டு வரி போட்டு, இந்த வீரர் என்றால் இந்த ஆட்டம் என்று எழுதியிருக்கலாம். பின்பக்கம் வேறு வேறாக இருந்தால் எதிராளிக்குச் சீட்டு தெரிந்துவிடும் என்று யோசித்திருப்பார்கள், அது நியாயம்தான். அப்படியானால் விதிமுறைத் தாளின் மறுபக்கத்தையாவது இதற்குப் பயன்படுத்தியிருக்கலாம், அது காலியாகத்தான் கிடக்கிறது.

இன்னொரு கோளாறு பந்துவீச்சு சராசரியில். பிராட்மேன் டெஸ்டில் எடுத்தது இரண்டே விக்கெட், சராசரி 36.00. டிராவிட் ஒரே விக்கெட், 39.00. டெண்டுல்கர் 46 விக்கெட், 54.17. இந்தக் கட்டத்தைச் சொன்னால் ஒரு விக்கெட் எடுத்தவர் 46 விக்கெட் எடுத்தவரை ஜெயித்துவிடுகிறார். குறைந்தது 20 விக்கெட் எடுத்தவர்களுக்குத்தான் இந்தக் கட்டம் செல்லும் என்று நாங்களே விதி வைத்துக்கொண்டோம். தாளில் ஒரு வரி சேர்த்திருந்தால் முடிந்திருக்கும்.

அப்புறம் ஆல்ரவுண்டர்கள். இங்கே ஒரு அனுபவத்தைச் சொல்ல வேண்டும். பெட்டியைப் பிரித்து அடுக்கிப் பார்த்தபோது ரிக்கி பான்டிங் இரண்டு முறை இருந்தார், கேரி சோபர்ஸ் இல்லை. ஜாம்பவான்கள் சீட்டுக்கட்டில் சோபர்ஸ் இல்லாமல் போனால் எப்படி? விற்றவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினேன், மறுகேள்வி கேட்காமல் பத்து நாளில் சோபர்ஸ் சீட்டை மட்டும் தனி உறையில் அனுப்பிவிட்டார்கள். சேவை என்று பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்தப் பத்து நாளும் ஜாக் கல்லிஸ்தான் ராஜா. 166 டெஸ்ட், 13289 ரன், சராசரி 55.37, 292 விக்கெட், 200 கேட்ச். எந்தக் கட்டத்தைச் சொன்னாலும் எதையாவது வாரிக்கொண்டு போவார். ஒரு நாள் என்னிடம் டிராவிட், அவளிடம் கல்லிஸ், நான் நம்பிக்கையோடு "ரன்" என்றேன். 13288. அவள் சீட்டை மெதுவாகத் திருப்பினாள். 13289. ஒரே ஒரு ரன்! "கேட்ச்" என்று சொல்லியிருந்தால் 210க்கு 200 என்று நான் ஜெயித்திருப்பேன். இரண்டு பேரும் பதினைந்து ஆண்டுக்கு மேல் டெஸ்ட் ஆடி, கடைசியில் ஒரு ரன் வித்தியாசத்தில் வந்து நிற்கிறார்கள் என்பதை இந்தச் சீட்டு இல்லாவிட்டால் அவள் தெரிந்துகொண்டிருக்க மாட்டாள், நானும் கவனித்திருக்க மாட்டேன்.

அப்படி இருக்கும்போது சோபர்ஸ் வந்து சேர்ந்தார். நானும் அப்பாவும் அவரைப் பற்றிப் பேசிப் பேசி அவளுக்குப் பெரிய எதிர்பார்ப்பு. கல்லிஸுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். டெஸ்ட் 93, ரன் 8032, விக்கெட் 235, பந்துவீச்சு சராசரி 34.03, கேட்ச் 109. ஐந்திலும் கல்லிஸ் முன்னால். சோபர்ஸுக்கு மிஞ்சியது சராசரி 57.78, அதிகபட்சம் 365, இரண்டே கட்டம். "இவருக்கா மாமா பத்து நாள் காத்திருந்தோம்?" என்றாள்.

நான் ஒரு தாளை எடுத்து அவளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கல்லிஸ் 166 டெஸ்டில் வீசியது 20232 பந்து. சோபர்ஸ் 93 டெஸ்டிலேயே 21599 பந்து. அதாவது ஒரு டெஸ்டுக்கு சோபர்ஸ் சுமார் 232, கல்லிஸ் சுமார் 122. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வீசிவிட்டு வந்து, அதற்கு அப்புறமும் 57.78 சராசரியில் பேட்டிங் ஆடியிருக்கிறார். அதிலும் என்ன வீசினார்? புதுப்பந்தில் இடக்கை வேகம், பந்து பழசானதும் இடக்கை விரல் சுழல், வேண்டுமென்றால் மணிக்கட்டுச் சுழல். ஒரே ஆளுக்குள் மூன்று பந்துவீச்சாளர்கள். கேப்டனுக்கு மூன்று பேரை அணியில் எடுக்கும் வேலையை ஒருவர் மிச்சப்படுத்துகிறார். சீட்டில் அவர் பெயருக்குக் கீழே "இடக்கை மிதவேகம்" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள், அது எனக்கு உண்மையாகவே மனக்குறை. இப்படிச் சொல்வதால் கல்லிஸைக் குறைத்துச் சொன்னதாக ஆகாது. நவீன காலத்தில் உடம்பைக் காப்பாற்றிக்கொண்டு 166 டெஸ்ட் ஆடியதே ஒரு சாதனை. அவர் ஆடிய காலம் முழுக்க அவருக்குக் கிடைக்க வேண்டிய கைதட்டலில் பாதிகூடக் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

பச்சைச் சீட்டில் இன்னொரு சுகம், ஒரே காலத்தில் ஆடிய அந்த நான்கு பேர்: இம்ரான் கான், போத்தம், கபில் தேவ், ஹாட்லி. நான்கு சீட்டையும் வரிசையாக வைத்தால் ஆட்டமே வேண்டாம், பார்த்துக்கொண்டே இருக்கலாம். கபில் 434 விக்கெட், ஹாட்லி 431. மூன்றே விக்கெட், 1994 இல்தான் கபில் அவரைத் தாண்டினார். கபில் 5248 ரன், போத்தம் 5200. கேட்சில் போத்தம் 120, மற்ற மூவரும் கிட்டவே வர முடியாது, அவர் ஸ்லிப்பில், அதாவது விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில், நிற்பவர். எண் ஒன்றுக்கொன்று இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் இந்த நான்கு பேர் மோதும்போதுதான் நிஜமான பதற்றம் வருகிறது. நாங்கள் இங்கேயும் ஒரு விளையாட்டு சேர்த்தோம், பேட்டிங் சராசரியிலிருந்து பந்துவீச்சு சராசரியைக் கழிப்பது. இம்ரான் 37.69, அதில் 22.81 போனால் 14.88. போத்தம் 5.14, ஹாட்லி 4.87, கபில் 1.41. அப்பாவுக்கு இது பிடிக்கவே இல்லை. கபிலுக்குக் கிடைத்த ஆடுகளங்களில் வேகப்பந்து வீசிப் பார்த்திருக்கிறார்களா, மறுமுனையிலிருந்து அவருக்கு எத்தனை வேகப்பந்து வீச்சாளர்கள் துணைக்கு இருந்தார்கள், அதை எந்தக் கட்டத்தில் போடுவார்கள் என்று கேட்டார். அவர் கேட்டது சரி. எனக்கும் பதில் இல்லை. இம்ரான்தான் அந்த நால்வரில் முழுமையானவர் என்று நான் நினைக்கிறேன், அப்பாவுக்கு கபில், இந்த வீட்டில் இந்த வழக்கு தீராது.

டெஸ்ட் மட்டும் என்று எடுத்துக்கொண்டதால் கபிலுக்கு நேர்ந்த இழப்பும் பெரிது. 1983 உலகக் கோப்பையில் 17 ரன்னுக்கு 5 விக்கெட் போன நிலையில் ஜிம்பாப்வேக்கு எதிராக எடுத்த 175 இல்லை. இறுதி ஆட்டத்தில் மதன் லால் பந்தை ரிச்சர்ட்ஸ் தூக்கி அடிக்க, பின்பக்கமாகத் திரும்பி ஓடி, தோளுக்கு மேலாக இறங்கிய பந்தைப் பிடித்தாரே, அதுவும் இல்லை. அவர் சீட்டில் கேட்ச் 64 என்றுதான் இருக்கிறது. அந்த 64க்குள் அது வராது.

இப்போது ஆரஞ்சுக்கு வருகிறேன். கோபமும் அங்கேதான், ஆசையும் அங்கேதான். ஃபீல்டிங்குக்கு என்று தனியாகப் பத்துச் சீட்டு ஒதுக்கியதைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். வேறு எந்தக் கட்டிலும் நான் இதைப் பார்த்ததில்லை. ரோட்ஸ், காலின் பிளாண்ட், ஏக்நாத் சோல்கர், பாப் சிம்சன், மார்க் வாக், ஜெயவர்தனே என்று ஆட்களைத் தேர்ந்தெடுத்ததிலும் குறை இல்லை. தேர்ந்தெடுத்துவிட்டு அவர்களுக்கும் அதே ஏழு கட்டத்தைக் கொடுத்துவிட்டார்கள். ஃபீல்டிங்குக்கு அதில் ஒரே கட்டம், கேட்ச். அந்த ஒன்றிலும் விக்கெட் கீப்பர்களை விலக்கவில்லை. கில்கிறிஸ்ட் 379, தோனி 256, இவர்கள் நீலத்தில் உட்கார்ந்துகொண்டு ஃபீல்டிங் சீட்டுகளை எல்லாம் அடித்து நொறுக்குகிறார்கள். கையுறை போட்டுக்கொண்டு ஸ்டம்புக்குப் பின்னால் நிற்பவரின் கேட்சும் பேட்ஸ்மேனுக்குப் பக்கவாட்டில், தள்ளி, பாயின்ட்டில் நிற்பவரின் கேட்சும் ஒன்றா?

கீப்பரை விடுங்கள், ஸ்லிப்பையும் பாயின்ட்டையும் ஒரே தராசில் வைக்கலாமா? டிராவிட் 210, ஜெயவர்தனே 205, மார்க் வாக் 181, எல்லாமே பெரும்பாலும் ஸ்லிப்பில் வந்தவை. அது சாதாரண வேலை என்று நான் சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து, ஒன்றுமே வராமல் நின்றுவிட்டு, தேநீர் நேரத்துக்குப் பிறகு அரை வினாடியில் வரும் ஒரு பந்துக்குக் கை தயாராக இருக்க வேண்டும். ஆனால் அங்கே வாய்ப்பு அடிக்கடி வரும். பாயின்ட்டில் நிற்பவருக்கு டெஸ்டில் கேட்ச் வருவதே அபூர்வம். அவர் வேலை வேறு. அவர் அங்கே நிற்கிறார் என்ற காரணத்தாலேயே பேட்ஸ்மேன் ஓடாமல் விட்ட ரன்கள் எத்தனை? அதை யார் எண்ணியது?

இதில் ஒரு கணக்கு என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. பிராட்மேன் 52 டெஸ்ட், 32 கேட்ச். ரோட்ஸ் 52 டெஸ்ட், 34 கேட்ச். அதாவது இந்தச் சீட்டை நம்பினால், உலகின் தலைசிறந்த பேட்ஸ்மேனுக்கும் உலகின் தலைசிறந்த ஃபீல்டருக்கும் ஃபீல்டிங்கில் வித்தியாசம் இரண்டே கேட்ச். பிளாண்ட் கதை இன்னும் மோசம், 21 டெஸ்டில் 10 கேட்ச். 1965 இல் லார்ட்ஸில் சதத்தை நெருங்கிக்கொண்டிருந்த பேரிங்டனை 91 இல் ரன் அவுட் செய்தவர் அவர். ரன் அவுட் எந்தக் கட்டத்திலும் வராது. 1975 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரிச்சர்ட்ஸ் அடித்தது 5 ரன். அன்று அவர் ஆஸ்திரேலியாவின் டர்னரையும் சாப்பல் சகோதரர்கள் இருவரையும் ரன் அவுட் செய்யாமல் இருந்திருந்தால், 17 ரன்னில் ஜெயித்த மேற்கிந்தியத் தீவுகளுக்கு அந்தக் கோப்பை கிடைத்திருக்குமா? அவருடைய நீலச் சீட்டில் 8540 ரன் இருக்கிறது, அதிகபட்சம் 291 இருக்கிறது, 122 கேட்சும் இருக்கிறது, அந்த மூன்று எறிதலும் இல்லை.

சோல்கருக்காவது கொஞ்சம் நியாயம் செய்திருக்கலாம், அதற்கு எண்ணே இருக்கிறது. சீட்டில் கேட்ச் 53 என்று பார்த்தால் சுமாராகத் தெரியும். ஆனால் அவர் ஆடியது 27 டெஸ்ட்தான். ஒரு டெஸ்டுக்குக் கிட்டத்தட்ட இரண்டு கேட்ச். 62 டெஸ்டில் 110 பிடித்த சிம்சனே இதற்குக் கீழேதான் வருகிறார். "ஒரு டெஸ்டுக்கு எத்தனை" என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் சோல்கர் சீட்டு இந்தக் கட்டிலேயே பயப்பட வேண்டிய சீட்டாக மாறியிருக்கும். சோல்கர் பெயர் வந்தாலே அப்பா எழுந்து நின்று செய்து காட்டுவார். ஹெல்மெட் கிடையாது. பேட்ஸ்மேனின் மட்டை நீட்டினால் தொடும் தூரத்தில், ஃபார்வர்ட் ஷார்ட் லெக்கில், முழங்காலை மடக்கிக் கிட்டத்தட்ட தரையோடு தரையாக உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன் வீசும்போது பந்து எகிறி மட்டை விளிம்பில் பட்டால் அங்கேதான் விழும். 1971 ஓவலில் வெங்கட்ராகவன் பந்தில் ஆலன் நாட் கொடுத்ததை முழு உடம்பையும் நீட்டி விழுந்து, தரைக்கு விரல் இடைவெளியில் பிடித்தார். அந்த இன்னிங்ஸில்தான் சந்திரசேகர் ஆறு விக்கெட் எடுத்து இங்கிலாந்து 101க்குச் சுருண்டது. சுழல்பந்து வீச்சாளர்களின் விக்கெட்டில் பாதி அங்கே உட்கார்ந்திருந்த ஆளுக்குச் சொந்தம் என்று அப்பா சொல்வார். சீட்டில் சோல்கர் மட்டையோடு நிற்கிற மாதிரி வரைந்திருக்கிறார்கள். ஆரஞ்சுச் சீட்டில்!

ரோட்ஸ் படம் மட்டும் சரியாக வரைந்திருக்கிறார்கள், அதற்காக அந்த ஓவியருக்கு நன்றி. 1992 உலகக் கோப்பை, பிரிஸ்பேன், இன்சமாம். பந்து கால்காப்பில் பட்டு உருள்கிறது, இன்சமாம் ஓடத் தொடங்கி, இம்ரான் வேண்டாம் என்றதும் திரும்புகிறார், ரோட்ஸ் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வருகிறார். எறிந்திருக்கலாம், எறியவில்லை. தூரத்தைக் கண்ணால் அளந்துவிட்டு, கிடைமட்டமாகப் பறந்து, பந்தோடு சேர்த்து உடம்பையே ஸ்டம்புகள் மேல் போட்டார். மூன்றும் சாய்ந்தன, இன்சமாம் 48 இல் அவுட். படத்தில் ரோட்ஸின் இரண்டு காலும் தரையில் இல்லை. அவளிடம் அந்தக் காட்சியின் வீடியோவைத் தேடி எடுத்துக் காட்டினேன். மூன்று முறை பார்த்தாள். பிறகு சீட்டை எடுத்து எண்களைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். "அப்போ இந்த நம்பர் எல்லாம் தப்பா?" தப்பு இல்லை குட்டி, எல்லாம் சரியான எண்தான். அவர் செய்தது அதில் இல்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு நாங்கள் ஒரு விதி செய்தோம், இந்தக் கட்டு வாங்குகிற எல்லோரும் இப்படி ஆடிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆரஞ்சுச் சீட்டுகளைக் கட்டில் கலக்காதீர்கள். பத்தையும் பிரித்து ஆளுக்கு ஐந்து கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றில் தோற்று சீட்டு எதிராளிக்குப் போகும் நேரத்தில், ஒரு ஆரஞ்சுச் சீட்டை இறக்கி அதைக் காப்பாற்றலாம், சீட்டு உங்களிடமே நிற்கும். ஒரு ஃபீல்டரை ஒரு முறைதான் இறக்கலாம். இவ்வளவுதான் விதி. ஆட்டம் தலைகீழாக மாறிவிட்டது. எந்தச் சீட்டுக்காக ஒரு ஃபீல்டரைச் செலவழிப்பது, எப்போது வைத்திருப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. "கேட்ச்" கட்டத்தில் கீப்பர்களைச் சேர்க்கக் கூடாது என்றும் ஒரு விதி வைத்தோம். சென்ற வாரம் அவள் கையிலிருந்த பிராட்மேனை நான் "டெஸ்ட்" என்று சொல்லி, 131 வைத்திருந்த லாராவால் பிடித்துவிட்டேன். கை நீட்டினேன். அவள் ரோட்ஸை இறக்கினாள்.

தரத்தைப் பற்றிச் சுருக்கமாக. சீட்டு கனமாக இருக்கிறது, வழவழப்பு போகவில்லை, தண்ணீர் பட்டதும் துடைத்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. முனைகள் மட்டும் சீக்கிரம் மடங்குகின்றன. பிராட்மேன் சீட்டின் ஒரு முனை இப்போது தெளிவாக நைந்துவிட்டது, எல்லோரும் அதைத்தான் இறுக்கிப் பிடிக்கிறார்கள், அதனால் அது யார் கையில் இருக்கிறது என்று பின்பக்கம் பார்த்தே சொல்லிவிடலாம். முனைகளை இன்னும் கொஞ்சம் வளைவாக வெட்டியிருந்தால் இது வந்திருக்காது. பெட்டி மெல்லிசு, ஒரு மாதத்தில் கிழிந்தது. எழுத்து அளவு பெரியவர்களுக்கும் போதும், அப்பா கண்ணாடி இல்லாமல் படிக்கிறார். பெட்டிக்குப் பின்னால் "டெஸ்டில் அதிக கேட்ச் பிடித்த ஃபீல்டர்: டிராவிட், 210" என்று இருக்கிறது, அது பழசாகிவிட்டது, 2025 ஜூலையில் லார்ட்ஸில் ஜோ ரூட் தாண்டிவிட்டார். இப்போதும் ஆடுகிறவர்களின் சீட்டுகளுக்கு எல்லாம் இந்தப் பிரச்சினை வரும். ஒன்று அவர்களைத் தவிர்த்திருக்கலாம், அல்லது எந்தத் தேதி வரையிலான கணக்கு என்று அச்சடித்திருக்கலாம்.

வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம், கட்டாயம் வாங்கலாம், கிரிக்கெட் பற்றிப் பேச ஒரு பெரியவர் கூட உட்காருவதாக இருந்தால். பிள்ளைகள் கையில் மட்டும் கொடுத்துவிட்டுப் போனால், ரோட்ஸ் வேஸ்ட், சோபர்ஸ் சுமார் என்ற முடிவோடு வளர்ந்துவிடுவார்கள். 9 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கிறது, சரிதான். இரண்டு பேர் ஆடுவதுதான் நன்றாக இருக்கிறது, நான்கு பேர் என்றால் சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

பெரிய குறை ஒன்றைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அறுபது சீட்டில் ஒரு பெண்கூட இல்லை. இதை நான் கவனிக்கவில்லை, அவள்தான் இரண்டாவது வாரமே எல்லாச் சீட்டையும் பரப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். எலிஸ் பெர்ரி எங்கே? 2017 ஆஷஸ் டெஸ்டில் 213 நாட் அவுட், வேகப்பந்தும் வீசுவார், கால்பந்து உலகக் கோப்பையிலும் ஆடியிருக்கிறார், இதைவிட ஆல்ரவுண்டர் என்று யாரைச் சொல்வது? வெற்றுச் சீட்டு இரண்டு இருக்கிறதே, எழுதிவிடலாம் என்றாள். பெர்ரி இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர், எண் மாறும், அதனால் அவருக்கு ஒரு சீட்டைப் பென்சிலில் எழுதுவதற்காக எடுத்து வைத்தோம். இன்னொன்றுக்கு அப்பா ஒரு பெயர் சொன்னார், பெட்டி வில்சன். ஆஸ்திரேலியா. 1958 இல் மெல்பர்னில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் 7 ரன் கொடுத்து 7 விக்கெட், அதில் ஒரு ஹாட்ரிக், பிறகு பேட்டிங்கில் சதம், பிறகு 9 ரன்னுக்கு 4 விக்கெட். ஒரே டெஸ்டில் சதமும் பத்து விக்கெட்டும் எடுத்த முதல் ஆள் அவர். ஆண்களில் போத்தம் அதைச் செய்ய 1980 வரை 22 ஆண்டு ஆனது.

பச்சை ஸ்கெட்ச் பேனாவால் விளிம்பு போட்டாள். டெஸ்ட் 11, ரன் 862, சராசரி 57.46, அதிகபட்சம் 127, விக்கெட் 68. பந்துவீச்சு சராசரி என்ற கட்டத்துக்கு வந்ததும் நான் சொன்ன எண்ணை நம்பாமல் இரண்டு முறை கேட்டுவிட்டு எழுதினாள். மை காய்ந்ததும் கட்டில் சேர்த்துக் கலைத்தோம். நான்காவது சுற்றிலேயே என்னிடம் ஹாட்லி வந்தார், 22.29, இந்தக் கட்டில் அதைவிடக் குறைந்த சராசரி யாருக்கும் இல்லை. "பந்துவீச்சு சராசரி" என்றேன். அவள் சீட்டைத் திருப்பாமல், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "11.80" என்றாள்.

என்னிடம் மிச்சம் இருந்த ஒரே ஃபீல்டர் சோல்கர். அவரை இறக்கித்தான் ஹாட்லியைக் காப்பாற்றினேன்.